அத்தியாயம் 4: பை கனத்தால் பர்ஸ் இளைக்கும்

கோடை விடுமுறைக்கு ஊட்டி போய்வந்த குடும்பத்திடம் செலவைக் கேட்டால், ரயில் கட்டணத்தையும் அறை வாடகையையும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். மொத்தம் எவ்வளவு ஆனது என்று கேட்டால்தான் தலையைச் சொறிவார்கள். ஸ்டேஷனிலிருந்து லாட்ஜுக்கு ஆட்டோ, போர்ட்டர் கூலி, வீட்டில் விட்டுவந்த ஸ்வெட்டருக்குப் பதில் சீசன் விலையில் இன்னொன்று, வேளாவேளைக்குத் தண்ணீர் பாட்டில், பிள்ளைகள் கேட்டதெல்லாம் கொறிக்க. இவற்றுக்குக் கணக்கு இருக்காது. பணம் கரைவது இங்கேதான்.

இப்படிக் கரைவதில் பெரும்பங்கு நாம் கட்டும் பையில் தொடங்குகிறது. நாலு பெரிய பைகளோடு மேட்டுப்பாளையத்தில் இறங்கி நிற்கும் குடும்பத்துக்கு மலிவான வழி எதுவும் திறக்காது. கூட்டமான பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. பத்து நிமிடம் நடந்து இன்னொரு லாட்ஜில் வாடகை விசாரிக்கலாம் என்றால் பாட்டியையும் பைகளையும் யார் பார்த்துக்கொள்வது? கிடைத்த முதல் அறைக்கே தலையாட்ட வேண்டியதுதான். தன் சுமையைத் தானே தூக்கி அரை கிலோமீட்டர் நடக்கக்கூடிய குடும்பம் எந்த இடத்திலும் பேரம் பேசலாம். அதனால் பை கட்டுவதையும் சிக்கனத்தையும் இங்கே தனித்தனியாகப் பேசப்போவதில்லை.

பேச வசதியாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் அப்பா, அம்மா, பதினோரு வயது மகள், ஏழு வயது மகன், ஒரு பாட்டி. மே மாதம் மூன்று இரவுகள் ஊட்டியில். உங்கள் ஊரும் போகும் இடமும் வேறாக இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

பள்ளி விடுமுறை ஒன்றாக வருவதால் எல்லோரும் ஒன்றாகத்தான் கிளம்புகிறார்கள். மாதத்தை மாற்ற முடியாது, கிழமையை மாற்றலாம். வெள்ளி இரவு கிளம்பித் திங்கள் காலை திரும்புகிற கூட்டத்தோடு சேராமல், ஞாயிறு இரவு கிளம்பி வியாழன் இரவு ரயில் ஏறுங்கள். அறை வாடகை பேசும்போது வித்தியாசம் தெரியும். ஊட்டி மலர்க்கண்காட்சி மே மாதத்தில் வருகிறது. அதைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் போகட்டும். மற்றவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்த்தால், 1848-ல் தொடங்கப்பட்ட அதே தாவரவியல் பூங்காவை மூச்சுவிட இடத்தோடு சுற்றலாம். கண்காட்சிக்காக வளர்த்த பூக்கள் மறுநாளே வாடிவிடுவதில்லை.

இடத்துக்கும் காலம் உண்டு. மே மாதம் குற்றாலம் போய் வறண்ட பாறையைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் ஆண்டுதோறும் இருக்கின்றன. அங்கே சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான் தொடங்கும். வேடந்தாங்கலும் அப்படியே, கோடையில் பறவைகள் போய்விட்டிருக்கும். ஒருநாள் பயணம் என்றால் விடுமுறைக் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே நுழைவுச்சீட்டு; 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது. பிள்ளை உயரமாக வளர்ந்திருந்தால் வயதுக்கு ஒரு அத்தாட்சி கையில் இருக்கட்டும்.

டிக்கெட்

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. மே 10-ஆம் தேதி பயணத்துக்கு மார்ச் 11 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கும், அங்கிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலுக்கும் அடுத்தடுத்த நாள் காலையில் பதிவு செய்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் தட்கல்தான். அதற்கு ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 100 முதல் 200 ரூபாய் கூடுதல். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாயும் திரும்பாது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயது நிரம்பாதவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. நம் குடும்பத்தில் ஏழு வயதுப் பையன் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு தூங்குகிறவன் என்றால் பாதிக் கட்டணம் போதும். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம்; அவளுக்கும் தூக்கம் போகும், கூடப் படுப்பவருக்கும் போகும். பாட்டியின் வயதைச் சரியாகக் குறிப்பிட்டுக் கீழ்ப்படுக்கை கேளுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுபோனது. கீழ்ப்படுக்கை முன்னுரிமை மட்டும் இன்னும் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி: உறுதியான டிக்கெட் வைத்திருப்பவரால் வர முடியாமல் போனால், ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அதைக் குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளைகள், கணவன், மனைவி ஆகியோருக்குள்தான் மாற்ற முடியும். உறவைக் காட்டும் ஆவணம் கேட்பார்கள். அப்பாவுக்கு ஆபீசில் லீவு மறுக்கப்பட்டால் அந்த இடத்தில் பாட்டியின் இன்னொரு மகன் போகலாமா? போகலாம், அவர் அப்பாவுக்கு உடன்பிறந்தவர் ஆயிற்றே.

மலை ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பஸ்ஸில் போய், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகலாம். அந்தத் துண்டுப் பாதையில் நாளுக்குப் பல தடவை ரயில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்தில் ஊட்டி. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறு முதல் குன்னூர் வரைதான், நீராவி இன்ஜினும் குன்னூர் வரைதான் என்பதால் அந்த அனுபவம் மட்டும் கிடைக்காது. ஐந்து மணி நேரம் ஒரே பெட்டியில் உட்கார முடியாத சிறு பிள்ளைகளுக்கு இந்த வழிதான் மேல் என்பேன்.

பையை ஆளுக்கு அல்ல, வேளைக்குக் கட்டுங்கள்

நம் வீடுகளில் ஆளுக்கொரு பை கட்டுவதுதான் வழக்கம். அதனால் என்ன ஆகிறது? இரவு ரயிலில் பல்விளக்கப் பிரஷ் எடுக்க ஐந்து பையையும் திறக்க வேண்டியிருக்கிறது. பிரஷ் எப்போதும் ஐந்தாவது பையில்தான் இருக்கும்.

எது எப்போது தேவைப்படும் என்று பார்த்துப் பிரியுங்கள். முதலாவது இரவுப் பை: போர்வைகள், துண்டு, பிரஷ், பேஸ்ட், பாட்டியின் மாத்திரை, காலையில் மாற்ற ஆளுக்கொரு மேல்சட்டை, சார்ஜர். இரண்டாவது மலைப் பை: ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், குடை. மூன்றாவது பெரிய பை: ஊட்டியில் அறைக்குப் போனபிறகு மட்டுமே திறப்பது. நான்காவது சாப்பாட்டுப் பை; இதற்குத் தனிப் பத்தியே தேவை, பிறகு வருகிறேன். இரவுப் பையும் மலைப் பையும் முதுகில் மாட்டும் வகையாக இருந்தால் கை இரண்டும் பிள்ளைகளைப் பிடிக்கக் கிடைக்கும்.

மலைப் பையைத் தனியாகக் கட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரயில் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் சேரும்போதே வேர்க்கத் தொடங்கியிருக்கும். ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மலை ரயில் கிளம்புகிறது. குன்னூர் தாண்டியதும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குவார்கள். மலை ரயிலில் பெட்டிக்குப் பெட்டி போக வழி கிடையாது, பெரிய பைகளுக்கு இடமும் குறைவு, கழிப்பறையும் இல்லை. ஸ்வெட்டர் அடியில் கிடக்கும் பையை அந்த நெரிசலில் யார் திறப்பது? 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரில் மே மாதத்திலும் இரவு குளிரும், மதியத்தில் மழையும் வரும். ஒரு தடித்த ஜாக்கெட்டை விட, இரண்டு மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது எடையிலும் குறைவு. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

மூன்று இரவுகளுக்கு உடுத்திக் கிளம்புவது போக இரண்டு செட் போதும். பெரியவர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். ‘போட்டோவில் எல்லாம் ஒரே சட்டையா’ என்று கேட்கிற பதினோரு வயதுதான் ஒப்புக்கொள்ளாது. அவளுக்கு ஒரு மேல்சட்டை கூட வைத்து, ஜீன்ஸைக் குறையுங்கள். ஜீன்ஸ் கனம், நனைந்தால் ஊட்டிக் குளிரில் இரண்டு நாளைக்குக் காயாது. ஒரு ஜீன்ஸ் போதும், அதையும் உடுத்திக்கொண்டே கிளம்பட்டும். ஷூவும் அப்படித்தான், காலில் இருக்கட்டும், பையில் ரப்பர் செருப்பு. பாட்டிக்குக் காட்டன் சேலையோடு ஒரு பூனம் சேலை வைத்தால் இரவில் அலசிப்போட்டுக் காலையில் கட்டிக்கொள்ளலாம்.

துண்டு விஷயத்தில் நான் கறார். தேங்காய்ப்பூத் துண்டு வீட்டோடு இருக்கட்டும். ஐந்து பேருக்கு ஐந்து டர்க்கி டவல் எடுத்தால் பாதிப் பை நிறைந்துவிடும். அது ஈரமானால் எடை இரட்டிப்பாகும், நாற்றமும் அடிக்கும். ஆளுக்கொரு ஈரிழைத் துண்டு மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், ஜன்னல் கம்பியில் கட்டினால் சீக்கிரம் காயும், மலைக்காற்றில் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்ளவும் உதவும்.

போர்வையும் பல வேலைக்கு ஆவது. ஸ்லீப்பர் பெட்டியில் விரிப்போ போர்வையோ இலவசமாகத் தரமாட்டார்கள். ஏசி பெட்டியில் தருவார்கள். ஸ்லீப்பரில் போகிறவர்கள் ஆளுக்கொரு பருத்திப் போர்வை எடுத்தால், அதே போர்வை மறுநாள் பூங்காவில் புல்தரையில் விரிப்பு, லாட்ஜில் கூடுதல் படுக்கை. தலையணைக்கு ஸ்வெட்டரைச் சுருட்டிக்கொள்ளலாம்.

எடையற்ற சில பொருட்கள் தம் பங்குக்கு நிறையக் காசு மிச்சம் பிடிக்கும். நாலு மீட்டர் நைலான் கயிறு, பத்துப் பன்னிரண்டு ஊக்கு, ஊசி நூல், ஒரு சின்னப் பூட்டும் சங்கிலியும், பழைய செய்தித்தாள், இரண்டு மஞ்சப்பை. லாட்ஜ் அறைகளில் பெரும்பாலும் பிளக் பாயின்ட் ஒன்றுதான் வசதியான இடத்தில் இருக்கும், அதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எடையுள்ள பொருட்களில் நான் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று, அரை லிட்டர் மின் கெட்டில். ஏன் என்பது சாப்பாட்டுப் பகுதியில் தெரியும். அதை ரயிலின் சார்ஜிங் பாயின்டில் மட்டும் செருகிவிடாதீர்கள். அது தீ ஆபத்து, தண்டனைக்குரிய குற்றமும் கூட.

எல்லாம் கட்டி முடித்தபின் வீட்டிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். அவரவர் பையை அவரவர் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கட்டும். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம் என்கிறது ரயில்வே விதி. அது விதி அனுமதிக்கும் எடை, உங்கள் தோள் அனுமதிக்கும் எடை வேறு. பிள்ளைகளுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 2020-ல் மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை சொன்ன அளவு இதுதான். இருபத்திரண்டு கிலோ பையனுக்கு இரண்டு கிலோ. அவனுடைய தண்ணீர் பாட்டில், குல்லா, ஒரு கதைப்புத்தகம், அவ்வளவுதான். படியில் மூச்சு வாங்குகிறவரின் பையிலிருந்து இரண்டு பொருளை வெளியே எடுங்கள். எதை எடுப்பது என்ற சண்டை வீட்டில் நடப்பது நல்லது, பிளாட்பாரத்தில் நடந்தால் ரயில் போய்விடும்.

கட்டுச்சோறு

ஐந்து பேர் வெளியே மூன்று வேளை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் தெரு ஓட்டல் விலையை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். மலையில் அதற்கு மேல்தான் இருக்கும். எல்லா வேளையையும் மிச்சம் பிடிக்க முயல வேண்டாம். ஊருக்குப் போயும் அம்மாவே சமையல் கவலையோடு இருந்தால் அது விடுமுறை ஆகாது. போகிற வழியில் மூன்று வேளை, தங்கும் நாட்களில் காலைப் பலகாரம், இவ்வளவை மட்டும் நம் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் இரவுக்கு இட்லி. சிறிய இட்லியாக ஊற்றி, நன்றாக ஆறியபின் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், கோடையில் ஸ்டேஷன் வருவதற்குள் புளித்துவிடும். தனித்தனிப் பொட்டலமாக இருப்பதால் தட்டு, கரண்டி எதுவும் தேவையில்லை. இலையைக் குப்பைத்தொட்டியில் போட்டால் சுமை அங்கேயே குறைந்தது.

தயிர்சாதம் செய்கிறவர்கள் தயிரை ஊற்றிப் பிசைந்துவிட்டு, மறுநாள் காலை புளிப்பு தாங்காமல் கொட்டுகிறார்கள். சாதத்தைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் சேருங்கள். வழியிலேயே அது உறைந்து பதமாகும். உப்பு, கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளிதம் போதும். மாலையில் பிசைந்தது மறுநாள் காலைக்குள் காலியாகிவிட வேண்டும், மதியம் வரை வைக்காதீர்கள்.

மறுநாள் மதியத்துக்குத் துணை நிற்பது புளியோதரைதான். புளியும் எண்ணெயும் சேர்ந்து அதைக் கெடாமல் காக்கின்றன. அதற்கு இரண்டு நிபந்தனை. புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதித்திருக்க வேண்டும். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்ட பிறகே கலக்க வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் கோர்த்துச் சொட்டி, அந்த ஈரமே சாதத்தைக் கெடுத்துவிடும். வேர்க்கடலையைத் தனியாகக் கட்டிவைத்துச் சாப்பிடும்போது தூவினால் மொறுமொறுப்பு போகாது. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயும் அப்பளமும். உருளைக்கிழங்கு மசியல், வெங்காயம் போட்ட பொரியல் எதுவும் பயணத்துக்கு ஆகாது.

மலை ரயில் ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பிள்ளைகள் இறங்கி ஓடுவார்கள். அங்கே குரங்குகள் காத்திருக்கும். சாப்பாட்டுப் பையை ஜன்னலோரம் வைத்தால் புளியோதரை யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி கெட்டில். அறையில் வெந்நீர் கிடைத்தால் காலைப் பலகாரம் ஐந்து நிமிட வேலை. கெட்டி அவலில் வெந்நீர் ஊற்றி மூடி, ஊறியதும் வெல்லமும் வாழைப்பழமும் போட்டால் பிள்ளைகளுக்கு. பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டால் பெரியவர்களுக்கு. பாட்டியின் காப்பிக்கு டிகாக்‌ஷன் வேண்டுமென்றால் இன்ஸ்டன்ட் காப்பிக்கு அவரைச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம், அதற்கு இந்த நூலில் வழி இல்லை.

மதியச் சாப்பாட்டை வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாத்தலத்தின் வாசலில் இருக்கும் ஓட்டலைத் தவிர்த்து, பஸ் நிலையத்துக்கும் மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் மெஸ்ஸைத் தேடுங்கள். முழுச் சாப்பாடா, அளவுச் சாப்பாடா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். சின்னவனுக்கு அளவுச் சாப்பாடே மிஞ்சும். கொறிப்பதற்கு முறுக்கு, பொரிகடலை, கடலைமிட்டாயை நாளுக்கொரு டப்பாவாகப் பிரித்துப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கைச்செலவுப் பணம். அப்பாவின் பணத்தில் மூன்று ஐஸ்கிரீம் கேட்ட பெண், தன் பணம் என்றதும் ஒன்றுக்கே யோசிப்பாள்.

தண்ணீரும் இ-பாஸும்

ஐந்து பேருக்கு நாளுக்கு எட்டு லிட்டர் குடிநீர் என்று வைத்தால், லிட்டர் 20 ரூபாய் கணக்கில் 160 ரூபாய். நாலு நாளைக்கு 640. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் இருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சம். நீலகிரியில் இது சிக்கனம் மட்டுமில்லை, சட்டமும்கூட. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை. சோதனைச் சாவடியில் பிடித்தால் பாட்டிலும் போகும், அபராதமும் கட்ட வேண்டும். ஊட்டியில் பல இடங்களில் குடிநீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். சில்லறைக் காசு போட்டு நிரப்பிக்கொள்ளலாம். காலையில் கெட்டிலில் கொதிக்கவைத்து ஆற்றியும் எடுத்துச் செல்லலாம்.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். பாஸ் இலவசம், அரசு இணையதளத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம். யாராவது ‘எடுத்துத் தருகிறேன், இருநூறு கொடுங்கள்’ என்றால் கொடுக்காதீர்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது.

அறை பேசுவது

ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டரில் மலிவான அறை கிடைத்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். தினம் இரண்டு நடை டாக்சிக்குக் கொடுப்பதையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கொஞ்சம் கூடுதல் வாடகையில் இருப்பது பல சமயம் லாபம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஓட்டல் தமிழ்நாடு’ விடுதி ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ராமேஸ்வரம், கன்னியாகுமரி எல்லாவற்றிலும் உண்டு. விலை பட்டியலில் இருக்கும், ஆளைப் பார்த்து ஏறாது.

தனியார் லாட்ஜில் போனில் பேசும்போது எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஏறக்குறைய இப்படி:

“அண்ணே, பெரியவங்க மூணு பேரு, சின்னப் பசங்க ரெண்டு. ஒரே ரூம் போதும். எக்ஸ்ட்ரா பெட் வேணாம், பாய் இருந்தா குடுங்க, போர்வை நாங்க கொண்டு வர்றோம்.”

“வாங்க மேடம், பார்த்துப் பண்ணிக்கலாம்.”

“பார்த்துன்னா வேணாம்ணே, வாடகை எவ்வளவு, வரி சேர்த்தா, சேர்க்காமலா? சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும் வரும்? செக்-அவுட் பன்னெண்டு மணியா, இருபத்திநாலு மணி நேரமா? சொன்னீங்கன்னா இப்பவே அட்வான்ஸ் அனுப்பிடறேன். நீங்க சொன்னதை அப்படியே வாட்ஸப்ல ஒரு வரி போட்டுடுங்க.”

அந்த ஒரு வரி முக்கியம். நேரில் போனபின் ‘சீசன் சார்’ என்று ஆரம்பித்தால் போனை நீட்டலாம். சுடுதண்ணீர் நேரத்தைக் கேட்பதும் வீம்புக்கில்லை. பல லாட்ஜுகளில் காலையில் இரண்டு மணி நேரம்தான் வரும். அதற்குள் ஐந்து பேர் குளித்தாக வேண்டும்.

மருந்துப் பொட்டலம்

சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு, இரவுப் பையில் வையுங்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு, பேண்டேஜ், கொசுவர்த்தி அல்லது களிம்பு. பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பவர்களுக்கு வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்கட்டும். போன் பார்க்க வேண்டாம். வாந்தி மாத்திரை தருவதென்றால் பிள்ளையின் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மலை ஏறத் தொடங்குவதற்கு அரைமணி முன்பே கொடுத்துவிட வேண்டும். வளைவில் கொடுத்துப் பயனில்லை. ஓ.ஆர்.எஸ். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி.

ஊருக்குள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டும் டாக்சி பேக்கேஜில் பாதி நேரம் வண்டி நெரிசலில்தான் நிற்கும். தாவரவியல் பூங்காவுக்கு சேரிங் கிராஸிலிருந்து நடந்தே போகலாம். சீசனில் அரசுப் போக்குவரத்துக் கழகம் சுற்றுலா இடங்களை இணைத்துச் சுற்றுப் பேருந்து விடுகிறது. ஒரே டிக்கெட்டில் ஏறி இறங்கலாம். பூங்காவோ படகு இல்லமோ, திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். பதினொரு மணிக்குப் பிறகு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைச் சமாளிக்கவே தனிச் செலவு ஆகும்.

பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளை ஊரிலிருந்தே கட்டாக எடுத்துச் செல்லுங்கள். மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் போகாது. கட்டணக் கழிப்பறையில் ஐநூறுக்குச் சில்லறை இருக்காது. தேயிலை வாங்குவதென்றால் தமிழ்நாடு அரசின் டான்டீ கடையில் அச்சிட்ட விலைக்கு வாங்கலாம். ‘ஃபேக்டரி விலை’ என்று கூவி விற்கும் பொட்டலங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வர்க்கியும் சாக்லேட்டும் கடைசி நாள் வாங்குங்கள். முதல் நாள் வாங்கினால் ஊருக்கு வந்து சேராது.

திரும்பி வந்ததும் பெரிய பையைப் பிரிக்கும்போது ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மடிப்புக் கலையாமல் திரும்பிய துணி எது, ஒருமுறைகூடத் திறக்காத டப்பா எது, அங்கே போய்க் காசு கொடுத்து வாங்கியது எது என்று எழுதி, அந்தத் தாளை அதே பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் போட்டு வையுங்கள். அடுத்த கோடையில் முதலில் அதைப் படித்துவிட்டுப் பை கட்டத் தொடங்குங்கள்.